பல் மருத்துவருக்கான தொடுதிரை: வடிவமைப்பாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நோயாளியின் பழைய பதிவுகளையும் எக்ஸ்ரே படங்களையும் பல் மருத்துவர் தொடுதிரையில் புரட்டிப் பார்ப்பதற்கான மென்பொருளை முதன்முறையாக வடிவமைக்க வருவோரின் மாதிரிகளைப் பார்வையிடுவது இப்போது என் வேலையில் ஒரு பகுதி. குழுக்கள் வேறு வேறாக இருந்தாலும், நாங்கள் ஒருகாலத்தில் செய்த அதே தவறுகளைத்தான் அவர்களும் ஏறக்குறைய அதே வரிசையில் செய்கிறார்கள். எழுத்து சிறிதாக இருப்பது, படம் திறக்கத் தாமதமாவது, நிறங்கள் கண்ணை உறுத்துவது போன்றவற்றை முதல் நாளே யாராவது சுட்டிக்காட்டிவிடுவார்கள் என்பதால் அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. மென்பொருள் பயன்பாட்டுக்கு வந்து பல மாதங்கள் கழிந்த பின்னரே தலைகாட்டும் தவறுகளைப் பற்றியே எழுதுகிறேன்.

## சிகிச்சை அறையை அலுவலக மேசையாக எண்ணுவது

மருத்துவரின் ஒரு கையில் வாய்க்கண்ணாடி இருக்கும். மறு கை கையுறைக்குள் ஈரமாக இருக்கும். திரையின் மேல் ஒவ்வொரு நோயாளிக்கும் மாற்றப்படும் மெல்லிய பிளாஸ்டிக் உறை ஒட்டப்பட்டிருக்கும். பல்லைக் குடையும் கருவியிலிருந்து தெறிக்கும் நீர்த்துளி அதன் மேல் விழுந்தால், திரை அதையும் விரல் என்றே எடுத்துக்கொள்ளக்கூடும். கையுறையின் நுனி விரலைவிடச் சற்று நீண்டிருந்தால் இரு விரல்களை விரித்துப் படத்தைப் பெரிதாக்குவதும் பிசகும்; ஆகவே ஒற்றை விரலால் பெரிதாக்கும் வழியும் கட்டாயம் இருக்க வேண்டும்.

பல் வரைபடத்தைப் பற்றி ஒரு கணக்கு. ஒரு தாடைக்கு 16 பற்கள். திரையின் அகலம் 20 செ.மீ. என்றால் ஒரு பல்லுக்கு ஏறத்தாழ 12 மி.மீ. கிடைக்கிறது. அந்தப் பல்லையே முன்பக்கம், மேற்பரப்பு, பின்பக்கம் என்று மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 4 மி.மீ. மட்டுமே. விரலால் பிழையின்றித் தொடுவதற்கு 9 மி.மீ. அளவிலாவது இடம் வேண்டும் என்பது தொடுதிரை வடிவமைப்பில் பரவலாக ஏற்கப்பட்ட விதி. எனவே முதல் தொடுதலில் பல்லைத் தேர்ந்தெடுத்து, அது பெரிதாக விரிந்த பிறகு பரப்பைத் தேர்ந்தெடுக்கும் இரண்டு படிகளைத் தவிர வேறு வழியில்லை. ஒரே திரையில் 32 பற்களின் அனைத்துப் பரப்புகளையும் தொடக்கூடியதாக வைக்கும் மாதிரி விளக்கக் கூட்டத்தில் அழகாக இருக்கும். சிகிச்சை நாற்காலியின் அருகே பயன்படாது.

## சுட்டியை நம்புவது

சுட்டியைக் கொண்டுபோனால் மட்டும் தெரியும் விவரம் தொடுதிரையில் எவருக்கும் தெரியாது.

## பார்ப்பதற்கான அசைவைப் பதிவில் எழுதிவிடுவது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். தொடுதிரையில் பார்ப்பதற்கும் விரல்தான், மாற்றுவதற்கும் விரல்தான். படத்தை நகர்த்துவது, சுழற்றுவது, வெளிச்சத்தைக் கூட்டுவது எல்லாம் பார்வையிடும் செயல்கள் மட்டுமே. அவற்றை மென்பொருள் தானாகவே சேமித்துக்கொண்டால், பார்த்தவர் அறியாமலேயே பதிவு திருத்தப்படுகிறது. இவற்றுள் மிகவும் ஆபத்தானது படத்தை இடவலமாகப் புரட்டும் வசதி.

ஒரு மருத்துவமனையில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கிருந்த மென்பொருளில், முழுத்திரையில் திறந்த படத்தின் மேல் குறுக்காக வேகமாக இழுத்தால் படம் இடவலமாகப் புரளும். புரண்ட நிலை உடனே சேமிக்கப்படும். ஒரு நோயாளியின் வலப்பக்க மேல், கீழ்க் கடைவாய்ப்பற்களைக் கடித்த நிலையில் ஒன்றாகக் காட்டும் பைட்விங் எக்ஸ்ரே படம் திறந்திருந்தபோது, உதவியாளர் கிருமிநாசினித் துணியால் கண்ணாடியைத் துடைத்தார். துணியின் ஒரு குறுக்கு வீச்சில் படம் புரண்டது. அதை யாரும் கவனிக்கவில்லை. அடுத்த வருகையில் அந்தப் படத்தைத் திறந்த மருத்துவருக்கு, வலப்பக்கத்தில் 46, 47 ஆகிய எண்ணுள்ள பற்களுக்கிடையே (எண் முறையைக் கீழே விளக்குகிறேன்) இருந்த சொத்தை, இடப்பக்கத்தில் 36, 37 ஆகியவற்றுக்கிடையே இருப்பதாகத் தெரிந்தது. மரப்பு ஊசி போடுவதற்கு முன்பு வாயைப் பார்த்தபோது, நோயாளியின் 36ஆம் பல்லில் கிரவுன் (பல்லின் மேல் மாட்டும் தொப்பி) பொருத்தப்பட்டிருந்தது. படத்திலோ அந்த இடத்தில் கிரவுன் இல்லாத பல் இருந்தது. அந்த முரண்பாடுதான் அவரை நிறுத்தியது. இரு பக்கமும் ஒன்றுபோல் இருந்திருந்தால் நிறுத்துவதற்கு எதுவும் இருந்திருக்காது.

புதியவர்கள் இதைக் குறைத்து மதிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. மார்பு எக்ஸ்ரே புரண்டிருந்தால் இதயம் தவறான பக்கத்தில் தெரிந்து காட்டிக்கொடுத்துவிடும். வாயில் அப்படிப்பட்ட அடையாளம் கிடையாது. வலப்பக்க பைட்விங் படத்தைப் புரட்டினால், பார்ப்பதற்கு முற்றிலும் நம்பத்தகுந்த இடப்பக்கப் படம் கிடைக்கும். நோயாளிக்கு எதிரே நின்று பார்ப்பதுபோல் அவருடைய வலப்பக்கத்தைத் திரையின் இடப்பக்கத்தில் காட்டுவது பல் மருத்துவ வழக்கம். அதை அறியாத வடிவமைப்பாளர் தன்னுடைய வாயைத் தொட்டுப் பார்த்துச் சோதித்தால் குழப்பம் இன்னும் கூடும்.

அந்த மென்பொருளின் குழு எங்களுக்குக் கொடுத்த பதில், “மீட்டெடுக்கும் பொத்தான் இருக்கிறதே” என்பது. மாறியது என்று தெரிந்தவர்தானே மீட்டெடுப்பார்? போதாக்குறைக்கு, நோயாளியின் கோப்பை மூடியதும் அந்தப் பொத்தானின் நினைவும் அழிந்துவிடும். இதே பதிலை இப்போதைய மாதிரிகளின் விளக்கவுரைகளிலும் காண்கிறேன்.

புரட்டும் வசதியை அடியோடு நீக்கிவிடவும் முடியாது. எக்ஸ்ரேயைப் பதிந்துகொள்ளும் பாஸ்பர் தகட்டை வாய்க்குள் பின்முன்னாக வைத்துப் படமெடுத்தால் படம் இடவலம் மாறியே வரும். அதைத் திருத்தியாக வேண்டும். ஆனால் அது விரல் அசைவாக இருக்கக் கூடாது. தனிப் பட்டியலில், காரணத்தைக் கேட்டு, யார் எப்போது திருத்தினார் என்பதைப் பதிந்து, படத்தின் மேலேயே “புரட்டப்பட்டது” என்று நிரந்தரமாகக் காட்டும் செயலாக அது இருக்க வேண்டும். மூலப் படத்தின் பிக்சல்களைத் தொடவே கூடாது. படத்தை எப்படிக் காட்ட வேண்டும் என்பதை மட்டும் படத்திலிருந்து பிரித்துத் தனியாகச் சேமிக்க, மருத்துவப் படங்களுக்கான டைகாம் தரமுறையே வழி வைத்திருக்கிறது. சுழற்றலும் புரட்டலும் அதற்குள் அடங்கும். இடமா வலமா என்று காட்டும் பக்கக் குறி முழுத்திரையிலும், எவ்வளவு பெரிதாக்கினாலும், திரையின் ஓரத்தில் நிற்க வேண்டும். படத்தோடு சேர்ந்து நகரும் குறி, பெரிதாக்கியவுடன் திரைக்கு வெளியே போய்விடும். இவற்றோடு, துடைக்கும்போது சில வினாடிகள் எந்தத் தொடுதலையும் ஏற்காத பூட்டு ஒன்றையும் வையுங்கள். அதை எழுத ஒரு நாள் வேலைகூட ஆகாது.

## எண் முறையைச் சொல்லாமல் எண்ணை மட்டும் காட்டுவது

ஐஎஸ்ஓ 3950 தரமுறையில் இடம்பெற்றுள்ள இரண்டிலக்க முறையில் முதல் இலக்கம் வாயின் காற்பகுதியையும் இரண்டாவது இலக்கம் பல்லின் வரிசையையும் குறிக்கும். அமெரிக்காவில் வழங்கும் முறையில் பற்கள் 1 முதல் 32 வரை தொடர்ச்சியாக எண்ணப்படுகின்றன. முதல் முறையில் 16 என்பது மேல் வலப்பக்கத்தின் முதல் கடைவாய்ப்பல். இரண்டாவது முறையில் அதே 16 மேல் இடப்பக்கத்தின் ஞானப்பல். பழைய மென்பொருளிலிருந்து பதிவுகளை இறக்கும்போது, தவறான எண் வந்தால் கணினி கண்டுபிடித்துவிடும் என்று நம்புகிறார்கள். 41 வந்தால் கண்டுபிடிக்கும். 11 முதல் 18 வரையும், 21 முதல் 28 வரையும், 31, 32 ஆகியவையும் இரண்டு முறைகளிலும் செல்லுபடியாகும் எண்கள். அவை எந்தச் சோதனையிலும் சிக்காமல் உள்ளே வந்துவிடும். எண் முறையையும் எண்ணோடு சேர்த்தே சேமியுங்கள். திரையில் எண்ணுக்குப் பக்கத்தில் பல்லின் பெயரையும் காட்டுங்கள்.

## படத்தை அழகாக்கித் திறப்பது

கூர்மையாக்கும் வடிகட்டியை இயல்புநிலையாக வைத்தால், உலோக நிரப்பலின் விளிம்பை ஒட்டி ஒரு கருங்கோடு தோன்றலாம். நிரப்பலுக்கு அடியில் புதிதாகப் பிடித்த சொத்தையும் எக்ஸ்ரேயில் கருமையாகத்தான் தெரியும். படம் முதலில் பதப்படுத்தப்படாத நிலையில் திறக்க வேண்டும். வடிகட்டி இயங்கும்போது அது இயங்குகிறது என்பது கண்ணில் பட வேண்டும்.

## உண்மை அளவோடு ஒப்பிட்டுச் சரிசெய்யாத படத்தில் மில்லிமீட்டர் காட்டுவது

காட்டாதீர்கள். முழுத்தாடைப் படத்தில் உருப்பெருக்கம் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் அங்கே இன்னும் கண்டிப்பாகக் காட்டாதீர்கள்.

## பூட்டு

சில நிமிடங்கள் தொடாமல் இருந்தால் திரை பூட்டிக்கொள்ள வேண்டும் என்ற விதியை அலுவலக மென்பொருளிலிருந்து அப்படியே எடுத்துவந்து இங்கே வைக்கிறார்கள். வேர் சிகிச்சையின் நடுவில் படம் மறைந்துபோனால் மருத்துவர் என்ன செய்வார்? கையுறையோடு கைரேகை வைக்க முடியாது. முகக்கவசத்தோடு முகத்தை அடையாளம் காட்டுவதும் நிச்சயமில்லை. கடவுச்சொல்லைத் தட்டினால் சுத்தமான உறை அழுக்காகும். ஆகவே ஒரே வாரத்தில் பூட்டை அமைப்புகளில் போய் நிறுத்திவிடுவார்கள். அதன் பிறகு அடுத்த நோயாளி நாற்காலியில் அமரும்போது முந்தையவரின் பெயரும் படமும் திரையில் அப்படியே இருக்கும். பூட்டை நேரத்தோடு இணைக்காமல், அந்த நோயாளியின் சிகிச்சை முடிந்ததாகக் குறிப்பதோடு இணையுங்கள். திறப்பதற்கு, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் கையுறையில்லாத உதவியாளர் காட்டினால் போதும்.