சுவிஸில் இருக்கும் பிள்ளைக்கு ஆமிக் கடிதம் வந்தால் என்ன செய்வது

ஒரு ஞாயிறு பின்னேரம் பேர்னில் இருந்து அக்கா வாட்ஸ்அப்பில் எடுத்து, "தம்பி, இவனுக்கு ஆமியில இருந்து கடிதம் வந்திருக்கு" என்றார். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். விறாந்தையில் பாக்கு இடித்துக்கொண்டிருந்த அம்மாவுக்கும் அது கேட்டுவிட்டது. உரலைத் தள்ளி வைத்துவிட்டு, "அவனை இஞ்ச வரச்சொல்லு, உடன வரச்சொல்லு" என்று அழத் தொடங்கியவர் அன்று இரவு சாப்பிடவில்லை.

அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். கோணேசரைக் கும்பிடப் போவதற்கே கோட்டை வாசலில் ஆமிக் காவலைத் தாண்ட வேண்டிய ஊர் எங்களுடையது, துறைமுகப் பக்கம் திரும்பினால் நேவி. அந்தச் சொல் காதில் விழுந்ததும் திருகோணமலையில் ஒரு தாய்க்கு என்னென்ன ஞாபகம் வரும் என்று இங்குள்ளவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆனால் அன்று அக்காவின் கையில் இருந்தது, பதினெட்டு வயதை எட்டும் எல்லாச் சுவிஸ் ஆண் பிள்ளைகளுக்கும் வரும் கடிதம். அதன்பிறகு மருமகனோடு சேர்ந்து ஒவ்வொரு படியாகப் பார்த்துத் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். உப்புவெளி, நிலாவெளி, சாம்பல்தீவு என்று எந்தப் பக்கம் போனாலும் சுவிஸில் உறவு இருக்கும் வீடுகள் உண்டு, அங்கே இருக்கும் பெற்றோருக்கும் இங்கே இருந்து பதறும் அம்மம்மாக்களுக்கும் இது உதவட்டும்.

முதல் வேலை, கடிதத்தைப் பிள்ளையே முழுதாகப் படித்துச் சொல்ல வேண்டும். இராணுவக் கடமை சுவிஸ் குடியுரிமை உள்ள ஆண்களுக்கு மட்டும்தான். சி அனுமதியோடு (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) இருபது வருடம் இருந்தாலும் குடியுரிமை எடுக்காதவருக்கு இது இல்லை. பெண் பிள்ளைகளுக்கு அது விருப்பம், கட்டாயம் கிடையாது. பிறகு, வந்திருப்பது எந்தக் கடிதம் என்று பாருங்கள்: தகவல் நாளுக்கான அழைப்பா, ஆட்தேர்வுக்கான அழைப்பா, பயிற்சிக்குப் போகும் உத்தரவா, இல்லை சேவைக்குப் பதிலாகக் கட்டும் வரிப் பட்டியலா? நான்குக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு. எங்கள் வீட்டில் வந்தது முதலாவது. ஒரு நாள் போய் இருந்து, இராணுவம், குடியியல் சேவை (ஆயுதம் இல்லாத பொதுநல வேலை), சிவில் பாதுகாப்பு (பேரிடர் நேர உதவி) என்று என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று கேட்டு, ஒரு படிவம் நிரப்பி, வீட்டுக்கு வந்துவிடுவது. ஆண் பிள்ளைகளுக்கு அந்த நாள் கட்டாயம். போகாமல் விட்டால் தண்டனை உண்டு, அதனால் மேசை இலாச்சிக்குள் போட்டு மூடிவைக்கும் பழக்கம் இந்தக் கடிதத்தோடு மட்டும் வேண்டாம்.

சரி, வீட்டில் பெரியவர்களுக்கு எப்படிச் சொல்வது? நான் அம்மாவுக்குச் சொன்ன விதம் இதுதான். சுவிஸ் எந்தப் பக்கமும் சேராத நாடு. அதன் நடுநிலையை ஐரோப்பிய வல்லரசுகள் 1815இல் எழுத்தில் ஏற்றுக்கொண்டன. நேட்டோ இராணுவக் கூட்டணியில் இல்லை, ஐக்கிய நாடுகள் சபையில்கூட 2002இல்தான் சேர்ந்தது. ஆனால் நடுநிலை என்றால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது என்று அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை, தங்கள் நிலத்தையும் வானத்தையும் வேறொருவன் சண்டைக்குப் பாவிக்க விடாமல் காப்பதும் நடுநிலை நாட்டின் கடமை என்பது அவர்கள் கணக்கு. அதற்காக வைத்திருக்கும் இராணுவத்தில் நிரந்தரச் சம்பளக்காரர் சிறு பகுதிதான். மற்றவர்கள் வங்கியிலும் பேக்கரியிலும் பல்கலைக்கழகத்திலும் இருந்து சில வாரம் வந்து சீருடை போட்டுவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள். இப்படிக் குடிமக்களைக் கொண்ட அமைப்பாக இருக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 58ஆம் பிரிவே சொல்கிறது. திட்டமிட்ட ஆட்பலம் ஒரு லட்சம்.

இன்னொரு விஷயம் எனக்கே புதிது. சமாதான காலத்தில் அந்த நாட்டில் ஜெனரல் என்று ஒருவர் இல்லை. ஆபத்து வந்து பெரிய அளவில் படை திரட்டும்போது மட்டும் நாடாளுமன்றம் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். கடைசியாக அப்படித் தேர்வானவர் 1939இல் ஹென்றி கிசான். மற்ற நேரங்களில் தலைமைத் தளபதி, பாதுகாப்பு அமைச்சுக்குப் பொறுப்பான கூட்டாட்சி அமைச்சருக்குக் கீழே வேலை செய்கிறார், அவருக்குக் கீழே நடவடிக்கை, பயிற்சி, வழங்கல், இணையப் பாதுகாப்பு என்று பிரிவுகள் இருக்கின்றன. வேலையும் மூன்று வகை: நாட்டைக் காப்பது, வெள்ளம் மண்சரிவு போன்ற நேரங்களில் உள்ளூர் நிர்வாகத்துக்குக் கை கொடுப்பது, வெளிநாட்டில் அமைதிப் பணி. 2020இல் கொரோனா வந்தபோது ஆஸ்பத்திரிகளுக்கு உதவத்தான் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகான மிகப் பெரிய ஆள்திரட்டல் அங்கே நடந்தது. கொசோவோவில் 1999 முதல் ஒரு சிறு அணி இருக்கிறது. கொரியாவின் பன்முன்ஜோமில் 1953 முதல் போர்நிறுத்தத்தைக் கண்காணிக்கிறார்கள். இந்த வெளிநாட்டு வேலைகளுக்கு விரும்பிக் கேட்டவர்கள்தான் போவார்கள், சாதாரணப் பயிற்சிக்குப் போன பிள்ளையைப் பிடித்து அனுப்புவதில்லை. அம்மா திரும்பத் திரும்பக் கேட்டதும் இதைத்தான்.

1989இல் அந்த நாட்டுச் சனம் "இராணுவமே வேண்டாம்" என்ற யோசனை மீது வாக்களித்தது என்றும், 35.6 வீதம் பேர் "ஆம், வேண்டாம்" என்றார்கள் என்றும் சொன்னபோது அம்மா நம்பவில்லை. "ஆமி வேணுமோ எண்டு சனத்திட்ட கேட்டவங்களோ?" என்றார். கேட்டார்கள். 2013இல் கட்டாய சேவையை நிறுத்தலாமா என்றும் கேட்டார்கள், 73 வீதம் பேர் இருக்கட்டும் என்றார்கள். அந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான் அம்மா கொஞ்சம் அமைதியானார்.

அடுத்தது ஆட்தேர்வு. இரண்டு மூன்று நாள் ஒரு மையத்தில் தங்க வேண்டும். மருத்துவப் பரிசோதனை, உடற்பயிற்சித் தேர்வு, மனநிலைக் கேள்விகள், கடைசியில் எந்தப் பிரிவு என்ற பேச்சு. இங்கே பெற்றோர் செய்ய வேண்டிய உதவி ஒன்றுதான், பழைய மருத்துவக் காகிதங்களை எடுத்துக் கொடுங்கள். ஆஸ்துமா, முதுகுவலி, சின்ன வயதில் நடந்த சத்திரசிகிச்சை, மன உளைச்சலுக்கு எடுத்த சிகிச்சை எல்லாவற்றுக்கும் மருத்துவரின் கடிதம் வேண்டும். எங்கள் ஆட்கள் மனநலச் சிகிச்சையை மறைப்பார்கள். தயவுசெய்து மறைக்க வேண்டாம், கையில் துப்பாக்கி கொடுக்கப்போகும் இடத்தில் அதைச் சொல்லாமல் விடுவது பிள்ளைக்குத்தான் ஆபத்து. இல்லாத நோயைச் சொல்வதும் குற்றம்தான். எந்தப் பிரிவு என்று கேட்கும்போது வாய் திறந்து பேசச் சொல்லுங்கள். சமையல், மருத்துவ உதவி, வாகனம், தகவல் தொழில்நுட்பம், மீட்புப்பணி எல்லாம் உண்டு. கேட்டது கிடைக்கும் என்று உறுதி இல்லை, ஆனால் சும்மா இருந்தால் மிச்சம் இருப்பதுதான் வரும்.

தகுதி என்று வந்தால் வழிகள் இவை. சாதாரணமானது, 18 வாரப் பயிற்சிப் பள்ளி (அங்கே பெடியள் "எர்எஸ்" என்பார்கள்), பிறகு வருடத்துக்கு ஒருமுறை மூன்று வார மீள்பயிற்சி, அது ஆறு தடவை. சாதாரணச் சிப்பாய்க்கு எல்லாம் சேர்த்து 245 நாள். வருடா வருடம் போக விருப்பமில்லாதவர் 300 நாளை ஒரே மூச்சில் முடிக்கக் கேட்கலாம், ஆனால் அதற்கான இடங்கள் குறைவு. மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை என்றால் ஆயுதம் தூக்காத இராணுவ சேவை கேட்கலாம், அல்லது இராணுவமே வேண்டாம் என்று குடியியல் சேவைக்கு விண்ணப்பிக்கலாம், முதியோர் இல்லம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், காடு பராமரிப்பு என்று. அது 1996 முதல் இருக்கிறது, காலம் ஒன்றரை மடங்கு. போரைக் கண்ட குடும்பத்துப் பிள்ளை ஒன்று "மாமா, எனக்குத் துவக்குத் தூக்க மனமில்லை" என்று சொன்னால் அதைக் கோழைத்தனம் என்று பேசாதீர்கள். சட்டமே திறந்து வைத்திருக்கும் வாசல் அது. விதிகளை இறுக்க வேண்டும் என்ற வாதம் அங்கே நடந்துகொண்டே இருப்பதால், விண்ணப்பிக்கும் நாளில் உள்ள நிபந்தனைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தகுதி இல்லை என்று வந்தால் சிவில் பாதுகாப்பில் சேர்ப்பார்கள், அல்லது வரி. வருமானத்தில் 3 வீதம், குறைந்தது வருடத்துக்கு 400 பிராங். 37 வயது வரைக்குள் அதிகபட்சம் 11 தடவை. பயிற்சியைத் தள்ளிப்போட்டவருக்கும் இந்தப் பட்டியல் வரலாம், ஆனால் சேவை நாட்களை முழுதாக முடித்தால் கட்டியதைத் திருப்பிக் கேட்கலாம். ரசீதுகளை எறிய வேண்டாம்.

தேதிதான் எங்கள் ஆட்கள் அடிக்கடி சறுக்கும் இடம். பயிற்சிப் பள்ளி வருடத்தில் இரண்டு தடவை தொடங்கும், ஜனவரியில் ஒன்று, ஜூன் கடைசி ஜூலைப் பக்கம் ஒன்று. அந்த ஜூலைதான் இங்கே கடல் அமைதியாக இருந்து, வெளிநாட்டுச் சொந்தங்கள் எல்லாம் நிலாவெளிக்கு வந்து இறங்கும் காலம், பின்னாலேயே ஆவணிக் கலியாணங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் ஐந்து பேருக்கு டிக்கெட் எடுத்து, மண்டபமும் பேசி முடித்த பிறகுதான் மாப்பிள்ளைத் தோழனுக்குப் பயிற்சி உத்தரவு இருப்பது தெரிந்தது. அண்ணன் கலியாணத்தை அவன் வீடியோவில் பார்த்தான், தாய் இன்னும் அதைச் சொல்லி வருந்துகிறார். ஆகவே டிக்கெட் எடுக்க முன்னர் சேவைத் தேதியைக் கேளுங்கள். தள்ளிப்போட வேண்டும் என்றால் எழுத்தில், காரணத்தோடு, சான்றோடு, பல மாதம் முன்னரே, கடிதத்தில் உள்ள முகவரிக்கு அனுப்ப வேண்டும். படிப்பு, பரீட்சை, தொழிற்பயிற்சி போன்றவற்றுக்கு மதிப்பு உண்டு, விடுமுறைப் பயணத்துக்குப் பெரிதாக இல்லை. "சரி" என்று பதில் வரும்வரை பழைய உத்தரவுதான் செல்லும், விண்ணப்பித்துவிட்டோம் என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. இதோடு இன்னொன்று: ஒரு வருடத்துக்கு மேல் திருகோணமலையில் வந்து இருக்க நினைக்கும் பிள்ளை, வெளிநாட்டு விடுப்பு எடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

உள்ளே போன பிறகு யாரிடம் என்ன கேட்பது? கம்பனிக்குப் பொறுப்பு ஹவுப்ட்மன், அதாவது கப்டன். சம்பளக் கணக்கு, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் ஃபூரியர். உடுப்பு, பொருட்கள், அன்றாட ஒழுங்கு ஹவுப்ட்ஃபெல்ட்வைபல். விரதம், மச்சம் சாப்பிடாதது பற்றி முதல் நாளே ஃபூரியரிடம் சொல்வது நல்லது.

காசு பற்றி: நாளுக்குச் சில பிராங் கைச்செலவு தருவார்கள். அதைவிட, வருமான இழப்பீடு உண்டு, பயிற்சி எடுப்பவருக்கு 2023 முதல் நாளுக்கு 69 பிராங், பிறகு மீள்பயிற்சிக் காலத்தில் சம்பளத்தின் 80 வீதம் ஓர் உச்சவரம்புக்குள். சேவைக் காலத்தில் முதலாளி வேலையால் நிறுத்த முடியாது, 11 நாளுக்கு மேற்பட்ட சேவை என்றால் முன்னும் பின்னும் நாலு வாரத்துக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு.

பயிற்சி முடிந்து பிள்ளை துவக்கோடு வீட்டுக்கு வரலாம். அக்கா இதில்தான் உடைந்துபோனார். தோட்டா வீட்டுக்குக் கொடுப்பதை 2007இல் நிறுத்திவிட்டார்கள். துவக்கும் வீட்டில் வேண்டாம் என்றால் படைக்கலக் கிடங்கில் காசில்லாமல் ஒப்படைக்கலாம். அக்கா வீட்டில் அப்படித்தான் செய்தார்கள், நானும் அதையே சொல்வேன். ஊருக்கு வரும்போது அந்த இராணுவப் பையைக் கொண்டுவர வேண்டாம், உருமறைப்பு உடுப்பும் வேண்டாம். பை மூலையில் ஒரு வெறும் தோட்டாக் கோது கிடந்தாலும் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பெரிய தலையிடி.

மற்றபடி பெரும்பாலான வார இறுதிகளில் பிள்ளை வீட்டுக்கு வரும், பயண உத்தரவு கையில் இருந்தால் ரயிலுக்குக் காசு இல்லை. தாய் செய்ய விரும்பினால் ஒன்று இருக்கிறது, படைத் தபாலில் ஐந்து கிலோ வரையான பொதியைச் சுவிஸுக்குள் இருந்து இலவசமாக அனுப்பலாம். பெயர், பிரிவு, கம்பனி மூன்றும் சரியாக எழுத வேண்டும். அம்மா இங்கிருந்து பருத்தித்துறை வடையும் பயற்றம் பணியாரமும் செய்து, போகிற ஆளிடம் கொடுத்துவிட்டார். அக்கா அதைப் பிரித்து இரண்டு பொதியாக்கி அனுப்பினார். அறையில் எட்டுப் பேர், இரண்டாவது பொதி போய்ச் சேர முன்னரே முதலாவது முடிந்துவிட்டதாம். அம்மா இப்போது மாவறுத்துக்கொண்டிருக்கிறார்.