எடைக்குப் பின்னால் ஓர் எழுத்து: எக்செல்லிலும் சாட்டிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு ஏறி, கேரளத்தின் வண்டன்மேடு, புத்தடி பக்கம் ஏலக்காய்க் கணக்கு எழுத வரும் பிள்ளைகள் நிறையப் பேர். முதலாளி மலையாளத்தில் பேசுவார், காய் எடுப்பவர்கள் தமிழில் பேசுவார்கள், கணக்கு எக்செல்லில் இருக்கும். புதிதாக வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: எண் இருக்கும் கட்டத்தில் எண்ணை மட்டும் அடியுங்கள்.

‘12.5 கிலோ’ என்று அடித்தால் நமக்கு அது எடை, எக்செல்லுக்கு வெறும் எழுத்து. கீழே ‘சம்’ போட்டால் அந்தக் கட்டத்தைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டுக் கூட்டும். பிழை என்று சொல்லவே சொல்லாது. ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ தேறும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். ஏலக்காய் உலர்த்தும் ஒரு ஸ்டோரில் 400 கிலோ பச்சைக்காய்க்கு உலர்ந்த எடை 55 கிலோ என்று காட்டியது. மீதி 25 கிலோ எங்கே என்று காய் உலர்த்துபவரை எல்லோர் முன்னாலும் நிற்க வைத்துக் கேட்டார்கள். கடைசியில் பார்த்தால் இரண்டு எடைகளுக்குப் பின்னால் ‘கி’ என்று ஓர் எழுத்து. அன்று அவர் முகம் இருந்த இருப்பு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இதைக் கண்ணாலேயே பிடிக்கலாம். எண் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம். அழகுக்காக எல்லாவற்றையும் நடுவில் கொண்டுவந்தால் அந்த அடையாளம் போய்விடும். ‘கிலோ’ பத்தியின் தலைப்பில் இருந்தால் போதும்.

தேதியும் அப்படித்தான். கம்ப்யூட்டர் அமெரிக்க அமைப்பில் இருந்தால் 05/04 என்பது மே 4 ஆகிவிடும். 25/04 தேதியாகவே ஏறாமல் இடப்பக்கம் நிற்கும். 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணை அடித்தால் கடைசி இலக்கம் 0 ஆகிவிடும், ஏனென்றால் எக்செல் 15 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும். பத்தியை முதலிலேயே ‘டெக்ஸ்ட்’ ஆக்கிவிட்டு அடியுங்கள். அடித்த பிறகு மாற்றினால் போன இலக்கம் திரும்பாது.

அப்புறம் சாட். விலையை வாய்ஸ் மெசேஜாக அனுப்பாதீர்கள். மூன்று மாதம் கழித்துத் தகராறு வந்தால் எழுத்தைத் தேடி எடுக்கலாம். குரலை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்க வேண்டும். வாட்ஸ்அப்பில் எழுதினாலும் 15 நிமிடத்துக்குள் திருத்த முடியும். திருத்தியது என்று தெரியும், பழைய எண் தெரியாது. அதனால் விலை முடிவானதும் மெயிலில் ஒரு வரி போட்டுவிடுங்கள். போய்ச் சேர்ந்த மெயிலை யாரும் திருத்த முடியாது.

டெலிகிராமில் போன் மாறினாலும் பழைய கோப்புகள் அப்படியே கிடைக்கும், அது நல்ல வசதி. ஆனால் அங்கே அனுப்புபவர், பெறுபவர் தவிர யாரும் படிக்க முடியாத பாதுகாப்பு, இருவர் மட்டும் பேசும் ‘சீக்ரெட் சாட்’டில் மட்டும்தான், குழுவில் கிடையாது. வாட்ஸ்அப்பில் 2016 முதல் குழுக்களுக்கும் அது உண்டு. தொழிலாளிகளின் ஆதார் நகலை டெலிகிராம் குழுவில் போடாதீர்கள்.

கணக்குக் கோப்பையே தினமும் குழுவில் அனுப்புவதும் வேண்டாம். நாலு பேர் போனில் நாலு கணக்கு இருக்கும். கூகுள் ஷீட்டில் ஒன்றை வைத்து, எழுதுபவருக்கு மட்டும் திருத்தும் உரிமை, முதலாளிக்குப் பார்க்கும் உரிமை கொடுங்கள். ஒரு வரி காணாமல் போனால் பழைய பதிப்பைத் திறந்து பாருங்கள். யார், எப்போது மாற்றினார்கள் என்று அதிலேயே இருக்கும். யாரையும் நிற்க வைத்துக் கேட்க வேண்டியதில்லை.