எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் தண்ணீர் குடிக்கும் முறை

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், காரைக்குடி வெயிலில் அலைந்துவிட்டு வந்தவுடன் செம்பை எடுத்து அண்ணாந்து மடமடவென்று குடிக்கும் நம் வழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும். சிறிதாக்கப்பட்ட இரைப்பை அவ்வளவு நீரை ஒரே நேரத்தில் ஏற்காது என்பதோடு, கூடவே விழுங்கப்படும் காற்றும் வலியையும் குமட்டலையும் உண்டாக்கும். சிறிய டம்ளரில் வாய்வைத்து, மிடறு மிடறாக, நாள் முழுவதும் பருகி 1.5 முதல் 2 லிட்டர் வரை சேர்ப்பதே சரியான வழி. தாகம் எடுக்கட்டும் என்று காத்திருப்பவர்களால் பெரும்பாலும் இந்த அளவை எட்ட முடிவதில்லை.

சாப்பாட்டின் நடுவே எதையும் குடிக்கக் கூடாது. சாப்பிட்டு முடித்தபின் குறைந்தது 30 நிமிடமாவது பொறுக்க வேண்டும். விருந்து வீட்டில் ஆச்சி அன்போடு ரசம் ஊற்ற வரும்போது மறுப்பது கடினம்தான், ஆனாலும் "பிறகு தனியாக வாங்கிக் குடிக்கிறேன் ஆச்சி" என்று பணிவாகச் சொன்னால் யாரும் வருந்தமாட்டார்கள்.

பானகம், சர்பத் போன்ற இனிப்புப் பானங்கள், குறிப்பாக பைபாஸ் முறையில் (இரைப்பையின் சிறு பகுதியை நேராகச் சிறுகுடலோடு இணைக்கும் முறை) சிகிச்சை பெற்றவர்களுக்கு, சிறுகுடலில் வேகமாக இறங்கிப் படபடப்பையும் வியர்வையையும் வயிற்றுப்போக்கையும் தரக்கூடும். சோடா வகைகளும் வேண்டாம். மது இவர்களுடைய இரத்தத்தில் முன்னைவிட விரைவாக ஏறும் என்பதால் அதை முற்றிலும் தவிர்ப்பதே நல்லது. மருத்துவர் அனுமதித்த பிறகு, மிளகாய் சேர்க்காத நீர்மோர் கோடைக்கு மிகவும் ஏற்றது. சிறுநீர் அடர்மஞ்சளாகி, தலைசுற்றலும் இருந்தால், அல்லது குடித்த நீரே வயிற்றில் தங்காவிட்டால், அன்றே மருத்துவரிடம் தெரிவியுங்கள்.