வளர்ந்த பிள்ளைக்கு போன் செய்யும் முன்

தனிக்குடித்தனம் போன பிள்ளைக்குப் புத்தி சொல்ல மனம் துடிக்கிறதா? போனை எடுக்கும் முன் பைபிளில் யோபு 1:5 வாசியுங்கள். பிள்ளைகள் தங்கள் வீடுகளில் விருந்து வைத்தபோது யோபு போய்க் கதவைத் தட்டவில்லை; விருந்து நாட்கள் முடிந்ததும் அதிகாலையில் எழுந்து ஒவ்வொருவருக்காகவும் பலி செலுத்தினார். எவ்வளவு பெரிய அன்பு அது!

நான் செய்வது இதுதான். சொல்ல நினைத்ததை ஒரு நோட்டில் ஜெபமாக எழுதிவிடுவேன். “ஆண்டவரே, அவன் வாங்கிய கடனை நினைத்தால் பயமாயிருக்கிறது” என்று, மறைக்காமல். அப்புறம் போனில் “சாப்பிட்டியாப்பா?” மட்டும்தான். “சர்ச்சுக்குப் போனியா?” என்ற விசாரணை வேண்டாம். அவனாகக் கேட்டால் யோசனை சொல்லலாம், அதுவும் ஒரே முறை. முதல் சில வாரங்கள் நாக்கைக் கடித்துக்கொள்ளத்தான் வேண்டியிருக்கும். பிறகு அவனே கூப்பிட்டுப் பேச ஆரம்பித்தான்.