விண்டோஸ் ஏற்றும்போதே விழுகிற கொம்பியூட்டர்: எங்கே கை வைப்பது?

பழைய விண்டோஸ் அடிக்கடி நீலத்திரை காட்டுகிறதென்று புதிதாக ஏற்றப் போனால், ஏற்றி முடிவதற்குள் அதுவும் விழுகிறது. உடனே வேறு பென்டிரைவ், வேறு ஐஎஸ்ஓ (விண்டோஸ் ஏற்றும் கோப்பு) என்று மாற்றிப் பார்ப்பதில் நாள் போய்விடும். இரண்டு தடவைக்கு மேல் அதைச் செய்யாதீர்கள். பழையதும் விழுந்தது, அதோடு தொடர்பே இல்லாத புதியதும் விழுகிறது என்றால் இரண்டுக்கும் பொதுவானது இயந்திரம்தான்.

குறிப்பாக ஏற்றும் நேரத்தில் ஏன் இப்படி? பென்டிரைவில் இருப்பது நன்றாக அமுக்கிய பெரிய கோப்பு. அதை விரிக்கும்போது ரேம், பிராசசர், டிஸ்க் மூன்றும் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. ஒரு பிட் தவறினாலும் சரிபார்ப்புக் கணக்கு பிசகி எல்லாம் நின்றுவிடும். அதே பிழை ஒரு புகைப்படத்தில் விழுந்திருந்தால் கண்ணுக்கே தெரியாமல் போயிருக்கும். அதனால்தான் நேற்றுவரை ஓடிய ரேம் இன்று பழுதென்று பிடிபடுகிறது.

முதல் வேலை கோப்புகளைக் காப்பாற்றுவது. ஏற்றும் திரையில் எந்தப் பார்ட்டிஷனையும் (டிஸ்க்கின் பிரிவு) அழிக்காதீர்கள். உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட்டை இன்னொரு பென்டிரைவில் போட்டு, டிஸ்க்கில் ஏற்றாமல் அதிலிருந்தே ஓடவிட்டு, படங்களையும் ஆவணங்களையும் வெளி டிஸ்க்குக்கு மாற்றுங்கள். டிஸ்க் விண்டோஸின் பிட்லொக்கர் பூட்டால் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண் வேண்டும். வழக்கமாக அது உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். பயாஸில் (விண்டோஸுக்கு முன்னே எழும்பும் மதர்போர்ட்டின் அமைப்புத் திரை) கை வைக்குமுன் அதை எழுதி வையுங்கள்.

இது ஒரு பரிசோதனையும்கூட. இப்படி ஓடும் லினக்ஸ் உங்கள் டிஸ்க்கை நம்பியிருப்பதில்லை. கோப்புகளைத் தொடாமல் சும்மா ஓடும்போதே அதுவும் உறைந்தால், டிஸ்க்கை விட்டுவிட்டு ரேம், சூடு, மின்சாரம் பக்கம் திரும்பலாம்.

விழும் விதத்தைக் கவனியுங்கள்

எந்தச் செய்தியும் இல்லாமல், சுவிட்சை அணைத்ததுபோல் சட்டென்று இருண்டால் பவர் சப்ளை அல்லது சூடு. நீலத்திரையில் ‘மெமரி மேனேஜ்மென்ட்’ என்றோ ‘பேஜ் ஃபோல்ட்’ என்றோ வந்தால் முதல் சந்தேகம் ரேம். ‘வீயா’ (WHEA) என்று தொடங்கும் பிழையை வன்பொருளே அனுப்புகிறது. பிராசசர், மின்வழங்கல், என்விஎம்இ டிஸ்க் (மதர்போர்ட்டில் நேராகச் செருகும் வேக டிஸ்க்) ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். 80070570 என்று முடியும் பிழை எண், கோப்பு பழுது அல்லது வாசிக்க முடியவில்லை என்பதைச் சொல்கிறது. அதற்குப் பென்டிரைவ், ரேம், டிஸ்க் மூன்றில் எதுவும் காரணமாகலாம்.

ஒவ்வொரு முறையும் ஒரே சதவீதத்தில் நின்றால் பென்டிரைவிலோ டிஸ்க்கிலோ ஒரு குறிப்பிட்ட இடம் கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். ஒருமுறை 12, மறுமுறை 67 என்று மாறி மாறி நின்றால் ரேம், சூடு, மின்சாரம். இந்த ஒரு கவனிப்பே பாதி வேலையை முடித்துத் தரும். கையோடு தாளில் குறித்து வையுங்கள்.

முதல் ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு மறுபடி தொடக்கத் திரையே வந்தால் அது பழுதல்ல. கொம்பியூட்டர் திரும்பவும் பென்டிரைவிலிருந்து எழும்புகிறது. அந்த நேரத்தில் பென்டிரைவைக் கழற்றினால் போதும்.

ரேமும் மற்றவையும்

தேவையில்லாத எல்லாவற்றையும் கழற்றுங்கள்: பிரின்டர், வெப்காம், இரண்டாவது டிஸ்க்கின் கேபிள், பிராசசரிலேயே கிராஃபிக்ஸ் இருந்தால் தனி கிராஃபிக்ஸ் கார்டும். பயாஸை ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோய், எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது ரேமை அதன் அடிப்படை வேகத்துக்கு மேல் ஓட்டுகிற அமைப்பு. பல இயந்திரங்கள் இந்த ஒரு மாற்றத்தோடே சரியாகிவிடுகின்றன.

அடுத்து ரேமைக் கழற்றிப் போடுங்கள். சுவரில் இருந்து பிளக்கை இழுத்துவிட்டு, பவர் பொத்தானை 10 வினாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை இறக்குங்கள். கேஸின் இரும்பைத் தொட்ட பிறகே ரேமைத் தொடுங்கள். கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, முகத்துவாரம் என்று கடலோரமாக இருக்கும் வீடுகளில் உப்புக் காற்றும் தூசியும் சேர்ந்து பிசுபிசுப்பாக ஒரு படலம் படியும். தங்க முலாம் பூசிய தொடுமுனைகள் துருப்பிடிக்காவிட்டாலும் அந்தப் படலம் தொடர்பைக் கெடுக்கும். 99 சதவீத ஐசோபுரோபைல் அற்ககோலில் நனைத்த, பஞ்சு உதிராத துணியால் துடைத்து, 5 நிமிடம் காயவிடுங்கள். அழிறப்பரால் தேய்ப்பது பரவலான வழக்கம். அது முலாமைத் தேய்க்கும், துகளையும் விடும் என்பதால் அற்ககோலே நல்லது.

ஒரே ஒரு ரேமை மட்டும் திரும்பப் போடுங்கள். நான்கு ஸ்லொட் இருந்தால் பெரும்பாலான மதர்போர்ட்களில் பிராசசரிலிருந்து இரண்டாவது. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஐ இன்னொரு பென்டிரைவில் போட்டு ஓடவிடுங்கள். இலவசப் பதிப்பு 4 சுற்று ஓடும், சில மணி நேரம் எடுக்கும். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பழுதுதான். ‘ஒன்றுதானே’ என்று விட வேண்டாம். ஆனால் ரேமைக் குப்பையில் போடுமுன் அதையே வேறு ஸ்லொட்டில் போட்டுச் சோதியுங்கள். பிழை ஸ்லொட்டோடு நின்றால் கோளாறு மதர்போர்ட்டில். சோதனையை இரவில் ஏசி அறையில் செய்யாமல், பகல் வெக்கையில் கேஸை மூடிவைத்துச் செய்யுங்கள். சூடேறிய பிறகுதான் சில ரேம்கள் பிழைவிடும்.

பயாஸில் பிராசசர் வெப்பநிலை தெரியும். சும்மா அந்தத் திரையில் இருக்கும்போதே 10 நிமிடத்தில் 70 பாகையைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் கூலரைக் கழற்றித் தூசி நீக்கி, பழைய பேஸ்ட்டைத் துடைத்து, பயறளவு புதிய பேஸ்ட் வைத்துப் பூட்டுங்கள். இன்டெலின் கூலரில் நான்கு பிளாஸ்டிக் பின்கள் உண்டு. ஒன்று சரியாகப் பூட்டாவிட்டாலும் கூலர் ஒரு பக்கம் தூக்கி நிற்கும்.

மின்சாரத்தில், 12 வோல்ட் லைன் 11.4க்கும் 12.6க்கும் இடையில் இருக்க வேண்டும். பயாஸ் காட்டும் எண் தோராயமானது. மல்ட்டிமீட்டரால் அளப்பதே சரி. அதைவிட இலகு, நல்ல பவர் சப்ளை ஒன்றை இரவல் வாங்கிப் போட்டுப் பார்ப்பது. தளர்ந்த மல்ட்டி பிளக்கில் செருகாமல் நேராகச் சுவரில் செருகுங்கள். யூபிஎஸ் பற்றரி கிழடாகியிருந்தால் அதுவே கொம்பியூட்டரை அணைத்துவிடும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடி மழை வரும் நாட்களில் காலையிலேயே வேலையை முடித்துவிடுங்கள்.

13ஆம், 14ஆம் தலைமுறை இன்டெல் டெஸ்க்டொப் பிராசசர் என்றால் தனிக் கவனம் வேண்டும். இவற்றில் கூடிய வோல்ட்டேஜால் சிப் பழுதடையும் கோளாறு இருந்தது. இன்டெல் 2024இல் இதற்கு மைக்ரோகோட் (பிராசசரின் உள் நிரல்) திருத்தம் வெளியிட்டது. மதர்போர்ட் நிறுவனத்தின் தளத்தில் இருந்து புதிய பயாஸை ஏற்றுங்கள். ஏற்கனவே பழுதான சிப்பை அது குணப்படுத்தாது. பாதிக்கப்பட்ட மொடல்களுக்கு இன்டெல் வொரண்டியை இரண்டு வருடம் நீட்டியிருப்பதால் பெட்டியையும் ரசீதையும் தேடி எடுங்கள்.

பென்டிரைவும் டிஸ்க்கும்

பென்டிரைவ் 8 ஜிபி போதும். அதைப் பழுதான கொம்பியூட்டரிலேயே தயாரிக்காதீர்கள்: கெட்ட ரேம் வழியாக எழுதப்படும் கோப்பும் கெட்டுத்தான் இருக்கும். நடைபாதையில் மலிவாக வாங்கிய 64 ஜிபி பென்டிரைவில் உண்மையில் 8 ஜிபிதான் இருக்கக்கூடும்; எழுதும்போது சத்தமில்லாமல் இருந்து, வாசிக்கும்போது குப்பையைத் தரும். முழுவதும் எழுதி வாசித்துச் சோதிக்கும் எச்2டெஸ்ட்டபிள்யூ இதைக் காட்டிக்கொடுக்கும். கேஸின் முன்பக்கத்தைவிடப் பின்பக்க யூஎஸ்பியே நம்பகமானது.

டிஸ்க் தன் நலத்தைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் விவரத்தை லினக்ஸின் ‘டிஸ்க்ஸ்’ செயலியில் பாருங்கள். சாட்டா டிஸ்க்கில் (வழக்கமாகக் கேபிளில் இணைவது), கெட்ட இடங்களை எண்ணும் 5, 197 ஆகிய வரிகளின் எண்ணிக்கை பூச்சியத்தில் இருக்க வேண்டும். அது ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது. 199 மட்டும் ஏறினால் டிஸ்க்கைக் குறை சொல்லாமல் சாட்டா கேபிளை மாற்றுங்கள். 11ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய இன்டெல் லப்டொப்பில் டிஸ்க்கே தெரியவில்லை என்றால் பெரும்பாலும் விஎம்டி (இன்டெலின் டிஸ்க் கட்டுப்பாடு) டிரைவர் இல்லாத குறை. லப்டொப் நிறுவனத்தின் தளத்தில் அதை எடுத்து, ஏற்றும் திரையில் ‘லோட் டிரைவர்’ மூலம் காட்டுங்கள்.

கோர் 2 டுவோ காலத்து இயந்திரத்தில் விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு எழும்பவே எழும்பாது. அதற்கு வேண்டிய கட்டளை அந்தப் பிராசசர்களில் இல்லை. எதை மாற்றியும் பயனில்லை, லினக்ஸ் போடுங்கள்.

ரேம் வாங்க யூனிட்டி பிளாசா போன்ற இடத்துக்குப் போனால் பழைய ரேமைக் கையில் கொண்டுபோங்கள். டிடிஆர்3, 4, 5 மூன்றின் வெட்டும் வெவ்வேறு இடத்தில் இருக்கும், ஒன்று மற்றதில் பூட்டாது. புதியதைப் போட்டதும் மெம்டெஸ்ட்டை மறுபடி ஓட்டி, பிழையில்லை என்று கண்ட பிறகே, வேறு கொம்பியூட்டரில் புதிதாகத் தயாரித்த பென்டிரைவோடு தொடங்குங்கள். பாதியில் நின்ற ஏற்றம் விட்டுப்போன பார்ட்டிஷன்களை, கோப்புகள் பத்திரமாக இருப்பது உறுதியானால், இப்போது அழிக்கலாம். எக்ஸ்எம்பியை ஒரு வாரம் ஒழுங்காக ஓடிய பின் போட்டுப் பாருங்கள். திரும்ப விழுந்தால் நிறுத்தியே வைத்திருங்கள்.