சிலுவைப்பாடு ஓவியங்களைப் பார்க்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தவக்காலம் வந்துவிட்டால் வாட்ஸ்அப்பில் சிலுவைப்பாடு ஓவியங்கள் வரிசைகட்டி வரும். கூடவே விளக்கங்களும் வரும். அவற்றில் பாதி, ஓவியத்தை அன்றைக்கு அங்கே நின்று எடுத்த போட்டோவாக நினைத்து எழுதப்பட்டவை. ஓவியர்களோ தங்கள் காலத்து ஜெபத்துக்கும் நம்பிக்கைக்கும் எது தேவையோ அதைத்தான் வரைந்தார்கள். இது பிடிபட்டுவிட்டால் பல குழப்பங்கள் தானாகவே தீர்ந்துவிடும்.

முதல் தவறு, கிறிஸ்தவர்கள் ஆரம்பத்திலிருந்தே சிலுவையில் தொங்கும் இயேசுவை வரைந்து வந்தார்கள் என்று எண்ணுவது. ரோம் நகரின் நிலத்தடிக் கல்லறைகளில் நமக்குக் கிடைப்பவை நல்ல ஆயனும் மீனும் நங்கூரமும்தான். சிலுவை அப்போது அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் தரப்பட்ட தண்டனை. ஊர் பார்க்க ஆட்கள் அதில் செத்துக்கொண்டிருந்த காலத்தில் அதை யார் சுவரில் வரைவார்கள்? நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சித்திரங்களில் ஒன்று ஒரு கேலிக் கிறுக்கல். ரோமின் பலத்தீன் குன்றில் 1857இல் கண்டெடுத்தார்கள். கழுதைத் தலையுடன் ஒருவர் சிலுவையில் தொங்க, கீழே ஒருவன் கை உயர்த்தி நிற்கிறான். ‘அலெக்சமெனோஸ் தன் கடவுளை வணங்குகிறான்’ என்று கிரேக்கத்தில் கீறியிருக்கிறது. நான்காம் நூற்றாண்டில் சிலுவைத் தண்டனை ஒழிந்து, அதை நேரில் பார்த்த தலைமுறையும் போன பிறகுதான் கலைஞர்களுக்குத் துணிச்சல் வந்தது. ரோமின் சாந்தா சபீனா ஆலய மரக்கதவில் (சுமார் 430) இயேசு கை விரித்து நிற்கிறார். பின்னால் சிலுவை இருப்பதே சரியாகத் தெரியாது.

அடுத்தது, கண் திறந்திருக்கும் இயேசுவைப் பார்த்து ‘வரையத் தெரியாத காலம்’ என்று தீர்ப்பு எழுதுவது. அசிசியின் புனித பிரான்சிஸ் ஜெபித்த சான் தமியானோ சிலுவையை எடுத்துக்கொள்ளுங்கள். உடல் நிமிர்ந்திருக்கிறது, கண்கள் நம்மைப் பார்க்கின்றன, முகத்தில் வலியே இல்லை. சாவை வென்றவரைக் காட்ட வேண்டும் என்பது அந்தக் காலத்தின் தீர்மானம், அதில் திறமைக் குறைவு எதுவும் இல்லை. பழைய ஆங்கிலக் கவிதை ஒன்றில் சிலுவை மரமே வாய் திறந்து கதை சொல்லும். அதில் இயேசு இளம் வீரனாக, தானே உடை களைந்து மரத்தில் ஏறுகிறார். அந்த வரிகளில் சில ஸ்காட்லாந்தின் ருத்வெல் கற்சிலுவையில் எட்டாம் நூற்றாண்டு வாக்கில் பொறிக்கப்பட்டன. தலை சாய்ந்து உயிர் பிரிந்த உடலும் வராமல் இல்லை. கொலோன் பேராலயத்தில் உள்ள கேரோ சிலுவையில் (சுமார் 970) வயிறு முன்தள்ளி, உடல் தன் பாரத்திலேயே தொய்ந்து தொங்குகிறது. 13ஆம் நூற்றாண்டிலிருந்து மேற்கு ஐரோப்பாவில் இந்தப் பாடுபடும் இயேசுவே பெருகினார். ஒரு பாதத்தின்மேல் மறு பாதம் வைத்து ஒரே ஆணி அறையும் வழக்கமும் அப்போதுதான் பரவியது. கீழைத் (ஆர்த்தடாக்ஸ்) திருச்சபை ஓவியங்களில் இன்றும் நான்கு ஆணிகள். எது சரி என்று சண்டை போடுவதில் பொருளில்லை. எத்தனை ஆணி என்று எந்த நற்செய்தியும் எண்ணிச் சொல்லவில்லை. ஆணியின் தழும்பு பற்றிய பேச்சே தோமா சந்தேகப்படும் இடத்தில்தான் (யோவான் 20:25) வருகிறது.

இடம் வலம் பார்ப்பதில் பலர் சறுக்குகிறார்கள். நமக்கு இடப்பக்கம் இருப்பது இயேசுவுக்கு வலப்பக்கம். அதுவே மதிப்பான பக்கம். மரியா நிற்பதும், மனம் திரும்பிய கள்வன் தொங்குவதும் பெரும்பாலும் அங்கேதான். ரஷ்யச் சிலுவையில் கீழே சாய்வாக இருக்கும் கட்டையின் உயர்ந்த முனையும் அந்தப் பக்கமே. ‘இதயம் இடப்பக்கம் இருக்க, ஈட்டிக் காயத்தை ஏன் வலப்பக்கம் வரைந்தார்கள்?’ என்று கேட்பவர்கள் உண்டு. எந்தப் பக்கம் என்று யோவான் நற்செய்தி சொல்லவே இல்லை. ஆலயத்தின் வலப்புறமிருந்து தண்ணீர் புறப்படும் எசேக்கியேலின் காட்சியோடு இந்தக் காயத்தை இணைத்துப் பார்த்தது மரபு. இதில் ஒரு சௌகரியமும் இருக்கிறது. இணையத்தில் வரும் படத்தில் காயம் மறுபக்கம் இருந்தால், படம் இடவலம் புரண்டிருக்குமோ என்று சந்தேகப்படலாம்.

நான்கு நற்செய்திகளையும் ஒன்றாகக் கலக்கிவிடுவது இன்னொரு பழக்கம். ஈட்டியால் குத்தியதைச் சொல்வது யோவான் மட்டும். அன்னை மரியா சிலுவையடியில் நின்றதைச் சொல்வதும் அவரே. மனம் திரும்பிய கள்வன் லூக்காவில் மட்டும் வருகிறான். மத்தேயுவிலும் மாற்கிலும் இருவருமே பழிக்கிறார்கள். ஈட்டி வீரனுக்கு லொங்கினுஸ், கள்வனுக்கு திஸ்மாஸ் என்ற பெயர்களெல்லாம் பிற்கால எழுத்துகள் தந்தவை. சிலுவையடியில் கிடக்கும் மண்டையோடு சாவைக் குறிக்கும் பொது அடையாளம் என்று நினைக்க வேண்டாம். கொல்கொதாவில்தான் ஆதாம் புதைக்கப்பட்டான் என்ற பழைய மரபின்படி அது ஆதாமின் தலை. மகதலா மரியாவைப் ‘பாவியான பெண்’ என்று விளக்குவதை மட்டும் தயவுசெய்து நிறுத்திவிடலாம். திருத்தந்தை முதலாம் கிரகோரி 591இல் ஆற்றிய மறையுரையில் லூக்கா சொல்லும் பெயரில்லாத பாவியான பெண்ணையும் அவரையும் ஒருவராக்கினார். ஓவியர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஈசன்ஹைம் பீட ஓவியத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் தப்பாகப் பார்க்கப்படுவது அதுதான். ஜெர்மன் ஓவியர் குரூனேவால்ட் 1512க்கும் 1516க்கும் இடையில் வரைந்தது; இப்போது பிரான்சின் கொல்மார் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இயேசுவின் தோல் பச்சை பாரித்து, உடலெங்கும் முள் குத்திய புண்கள், விரல்கள் வானத்தை நோக்கி விறைத்து விரிந்திருக்கின்றன. ‘எதற்கு இவ்வளவு கோரம்?’ என்பார்கள். அது தொங்கியது புனித அந்தோணியார் சபைத் துறவிகளின் மருத்துவமனை மடத்தில். பூஞ்சை பிடித்த ‘ரை’ என்ற தானியத்தின் ரொட்டியால் வந்த நோயில் கைகால் எரிந்து அழுகியவர்கள் அங்கே வந்தார்கள். தங்கள் புண்ணைப் போன்ற புண்ணைப் பீடத்தின்மேல் கண்டவர்கள் அவர்கள். நமக்கு வலப்பக்கம் திருமுழுக்கு யோவான் விரல் நீட்டி நிற்கிறார். ‘அவர் தலையைத்தான் ஏரோது முன்னமே வெட்டிவிட்டானே!’ என்று சிரிப்பவர்கள் அருகில் எழுதியிருப்பதைப் பார்ப்பதில்லை: ‘அவர் பெருகவும் நான் சிறுகவும் வேண்டும்.’ அவர் காலடியில் நிற்கும் செம்மறியின் இரத்தம் கிண்ணத்தில் வடிகிறது. சாட்சியாக அங்கே நிறுத்தப்பட்டவர் அவர். இன்னொன்று, இது கதவுபோல் திறக்கும் பீடம். திறந்தால் உள்ளே உயிர்த்த இயேசு, முள் குத்திய புண்கள் மறைந்து ஒளிரும் உடலோடு. மூடிய பக்கத்தை மட்டும் பகிர்ந்துவிட்டு ஓவியரை இருண்ட மனக்காரர் என்பது பாதிப் படம் பார்த்த விமர்சனம்.

நாசூக்கில்லாமல் சொல்ல வேண்டிய தவறும் உண்டு. இடைக்கால ஓவியங்களில் யூதர்களைக் கோர முகத்தோடு காட்டியதை நடந்ததன் பதிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சிலுவையில் அறைந்தது ரோம அரசு. இயேசுவின் சாவுக்கு யூதர் எல்லோர் மேலும் பழி சுமத்தக் கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் அறிவித்தது. யூத ஓவியர் ஷகாலின் வெள்ளைச் சிலுவை ஓவியத்தில் (1938) இயேசுவின் இடுப்பில் இருப்பது யூதர்களின் ஜெபத் துண்டு. சுற்றிலும் எரியும் தொழுகைக்கூடம், ஓடும் அகதிகள். ஷகால் மதம் மாறினார் என்று இதற்கு விளக்கம் எழுதுபவர்கள் அந்த ஆண்டு ஜெர்மனியில் நாஜிகளால் யூதர்களுக்கு என்ன நடந்தது என்று முதலில் படிக்கட்டும்.

உருவம் இருந்தால் கத்தோலிக்கம், வெறும் சிலுவை என்றால் சீர்திருத்தச் சபை என்பது நம்மூரில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. ஆனால் சீர்திருத்தச் சபைகளில் ஒன்றான லூத்தரன் சபையின் ஆலயங்கள் பலவற்றில் பாடுபட்ட சுரூபம் உண்டு. சென்னை பரங்கிமலையில் பகலவி (பழைய பாரசீக) எழுத்து பொறித்த பழைய கற்சிலுவை இருக்கிறதே, அதில் மேலே புறா உண்டு, இயேசுவின் உருவம் கிடையாது. சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே செதுக்கியது அது.