பழைய போர்ஷே 944 வாங்குமுன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

போர்ஷே 944 கார் 1982 முதல் 1991 வரை தயாரிக்கப்பட்டது. அதே நிறுவனத்தின் 911 காரை விட மிகக் குறைந்த விலைக்கு இன்றும் கிடைப்பதால், முதன்முறையாகப் பழைய கூப்பே (இரண்டு கதவு கார்) வாங்க நினைப்பவர்களின் கண் இதன் மேல் விழுவது இயல்பே. ஆனால் விலைதான் மலிவே தவிர, பழுது பார்க்கும் செலவு மலிவன்று. ஆகவே வண்டியின் பளபளப்பைப் பார்ப்பதற்கு முன் அதன் ரசீதுகளைப் பார்ப்பதே சரியான வரிசை.

முதல் படி: வீட்டை விட்டுக் கிளம்புமுன்

விற்பவரிடம் வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒத்திசைவாக இயங்கவைக்கும் டைமிங் பெல்ட் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று கேளுங்கள். வாய்மொழிப் பதிலோடு நின்றுவிடாமல், தேதியும் ஓடிய தூரமும் குறித்த ரசீதை அனுப்பச் சொல்லுங்கள். இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தால் வால்வுகளும் பிஸ்டன்களும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும்; வால்வுகள் வளைந்து, சிலிண்டர் ஹெட்டையே கழற்ற வேண்டிய நிலை வரும். ஏறக்குறைய 48,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, அல்லது வண்டி அதிகம் ஓடாவிட்டாலும் நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை இதை மாற்றிவிடுவது இக்கார் வைத்திருப்போரின் வழக்கம். நான்கு சிலிண்டர் எஞ்சினின் அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்டுகளுக்கென்று இன்னொரு பெல்ட் இருக்கிறது. அது அறுந்து சிக்கினால் டைமிங் பெல்டையும் சேர்த்துக் கெடுத்துவிடக்கூடும் என்பதால், இரண்டும் ஒன்றாக மாற்றப்பட்டனவா என்றும், டைமிங் பெல்ட் சுழற்றும் வாட்டர் பம்ப் அப்போது மாற்றப்பட்டதா என்றும் சேர்த்தே கேளுங்கள். ரசீது இல்லையென்றால், பெல்ட் மாற்றப்படவில்லை என்றே கொண்டு அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். வாங்கியபின் அந்த வேலையை முடிக்கும்வரை நீண்ட பயணம் போகாதீர்கள்.

பதினாறு வால்வு கொண்ட 944 எஸ், எஸ்2 ஆகிய வகைகளில் வால்வுகளைத் திறக்கும் இரண்டு கேம் ஷாஃப்டுகளையும் இணைக்கும் ஒரு சிறு சங்கிலியும் உண்டு. அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரில் உள்ள பிளாஸ்டிக் பட்டைகள் தேய்ந்து உடைந்தால் சேதம் பெரிது. அவை சோதிக்கப்பட்டதற்கும் சான்று கேளுங்கள்.

இரண்டாம் படி: குளிர்ந்த எஞ்சின்

நீங்கள் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் காரணம் கேளுங்கள். கூலன்ட் தொட்டியின் மூடியை எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டுமே திறக்க வேண்டும். உள்ளே பழுப்பு நிறத்தில் பாகு போன்ற படிவு தெரிந்தால் எண்ணெயும் கூலன்டும் கலக்கின்றன என்று பொருள். உடனே ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கு அடியிலுள்ள அடைப்பு) போய்விட்டது என்று அஞ்ச வேண்டியதில்லை; இக்காரில் ஆயில் கூலரின் சீல்கள் கெடுவதே இதற்குப் பெரும்பாலும் காரணம். எதுவாயினும் பேரத்தில் இது உங்கள் பக்கம் நிற்கும். அப்படியே எஞ்சினின் முன்பக்கத்தில் சீல்களைச் சுற்றி எண்ணெய் கசிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்; அங்கிருந்து கசியும் எண்ணெய் பெல்டுகளை நனைக்கும்.

மூன்றாம் படி: உடல்

துத்தநாகம் பூசிய தகடு என்பதால் துரு பொதுவாகக் குறைவு. இருந்தும் எஞ்சின் அறையின் பின்மூலையில் பேட்டரி உட்காரும் தட்டை விளக்கடித்துப் பாருங்கள். அங்கே அமிலம் கசிந்து தகடு ஓட்டையாகியிருந்தால் மழைநீர் உள்ளே இறங்கும். அதனால் முன் இருக்கையின் கால்பகுதிக் கம்பளத்தைத் தூக்கி, அடியில் ஈரம் இருக்கிறதா என்று தொட்டறியுங்கள். பின்கதவுக் கண்ணாடி தன் சட்டத்திலிருந்து ஒட்டுவிட்டுப் பிரிவதும் பழக்கமான நோய்.

நான்காம் படி: ஓட்டிப் பார்த்தல்

எஞ்சின் முன்னாலும் கியர்பாக்ஸ் பின்னாலும் இருப்பதால்தான் எடை இரு அச்சுகளுக்கும் ஏறத்தாழச் சமமாகப் பிரிந்து, வளைவுகளில் வண்டி அத்தனை நிதானமாகத் திரும்புகிறது. நான் இக்காரை விரும்புவதற்குக் காரணமே இதுதான். அதே அமைப்பால்தான் கிளட்ச் மாற்றுவது பெருவேலையாகிறது: சைலன்சர் குழாய்களைக் கழற்றி, கியர்பாக்ஸைப் பின்னுக்கு நகர்த்தி, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் நீண்ட குழாயை விலக்கிய பிறகே கிளட்சைத் தொட முடியும். நடுவே ரப்பர் வைத்த பழைய கிளட்ச் தட்டுகளில் அந்த ரப்பர் காலப்போக்கில் சிதைந்துவிடும். மேட்டுச் சாலையில் உயர்ந்த கியரில் அழுத்தி ஓட்டும்போது, வேகம் கூடாமல் எஞ்சின் சுற்று மட்டும் ஏறினால் கிளட்ச் வழுக்குகிறது. நின்றிருக்கையில் ஸ்டியரிங் வழியே கடும் அதிர்வு வந்தால் எஞ்சினைத் தாங்கும் மவுன்டுகள் தளர்ந்திருக்கலாம்.

ஓடும்போது தூரமானியின் கடைசி எண் நகர்கிறதா என்பதையும் கவனியுங்கள். அதன் சிறு பிளாஸ்டிக் பற்சக்கரம் உடைந்து எண்ணிக்கை நின்றுபோவது சர்வசாதாரணம். ஆகவே "குறைவாக ஓடிய வண்டி" என்ற சொல்லைப் பழைய ரசீதுகளில் உள்ள எண்களோடு ஒப்பிட்டே ஏற்க வேண்டும். டாஷ்போர்டு வெடிப்புகளோ வெயில் செய்த வேலை, பார்வைக்குத்தான் குறை.

ஐந்தாம் படி: லிஃப்டில் ஏற்றுதல்

இத்தனையும் திருப்தியாக இருந்தால், இந்த வகைக் கார்களில் பழகிய மெக்கானிக் ஒருவரிடம் கட்டணம் கொடுத்து வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பார்த்துவிடுங்கள். முன்சக்கரங்களை வண்டியோடு இணைக்கும் கன்ட்ரோல் ஆர்ம்களின் பால் ஜாயின்ட் (உருண்டை மூட்டு) ஆட்டத்தை அப்போதுதான் சரியாக அறிய முடியும். முன்பணம் அதற்குப் பிறகு கொடுத்தால் போதும். வாங்கி வீட்டுக்கு ஓட்டிவரும் நாளில், எரிபொருள் பம்புக்கு மின்சாரம் கொடுக்கும் டி.எம்.இ. (எஞ்சினின் மின்னணுக் கட்டுப்பாட்டு அமைப்பு) ரிலே ஒன்றைப் புதிதாக வாங்கி டாஷ்போர்டு அறையில் வைத்துக்கொள்ளுங்கள். அது கெட்டால் வண்டி நட்டநடுச் சாலையில் நின்றுவிடும். மாற்றிச் செருகுவதற்கோ சில நிமிடங்களே ஆகும்.